மகளின் இரண்டாவது தெரிவு குறித்து ஆலோசனை வேண்டும்

உறவுகளுக்கு வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் சிறிய சைக்கிள் திருத்தகம் நடத்துகிறேன். மகள் கணிதப் பிரிவில் உயர்தரம் சித்தியடைந்து, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கான விண்ணப்பத்தைத் தயாரித்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய முதல் விருப்பம் பேராதனைப் பொறியியல். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் அவளுடைய இசட் புள்ளி, அந்தத் துறைக்கான குறைந்தபட்ச வெட்டுப்புள்ளியின் விளிம்பில்தான் நிற்கும் என்பதால், அது கைகூடாவிட்டால் என்ன செய்வது என்பதே எங்கள் வீட்டு இராப்பேச்சு.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில், வீட்டிலிருந்து நிலாவெளி பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது. அங்கே கணினி விஞ்ஞானம் படிக்கலாம், கற்கைக் கட்டணமும் இல்லை. ஆனால் மகளோ கொழும்பிலுள்ள ஒரு தனியார் நிறுவனத்தின் மென்பொருள் பொறியியல் பட்டத்தைக் காட்டுகிறாள். தனியார் பட்டப்படிப்புக்கு அரசு வழங்கும் வட்டியில்லாக் கடன் கிடைத்தாலும், அறை வாடகை, சாப்பாடு, பயணம் என்று மாதம் 40,000 ரூபாயாவது வேண்டும் என மின்சாரப் பட்டியலின் பின்பக்கத்தில் அவளே கணக்கெழுதி, கடைசி வரியை இரண்டு முறை அடித்துத் திருத்தியிருந்தாள். வட்டி இல்லையென்றாலும் வாங்கிய முதலைத் திருப்பிக் கட்டத்தானே வேண்டும்.

செலவை மட்டும் பார்த்து அவளைப் பக்கத்தில் இருத்திக்கொள்கிறேனோ என்ற உறுத்தலும் எனக்கு உண்டு.

கோணேசபுரியில் கணினி விஞ்ஞானம் படித்தவர்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், தொழிற்பயிற்சி எங்கே கிடைத்தது, வேலை கிடைக்க எவ்வளவு காலம் எடுத்தது என்று தயவுசெய்து எழுதுங்கள். வட்டியில்லாக் கடனில் படித்தவர்கள் மாதத் தவணை சம்பளத்தில் எவ்வளவைத் தின்கிறது என்பதையும் ஒளிக்காமல் சொன்னால் பேருதவியாக இருக்கும்.