புதுப்பிப்பு: காலிமுகத்திடல் வானம் சரியாகிவிட்டது

கொழும்பு காலிமுகத்திடலில் எடுத்த மாலைப் படங்களை லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் எடிட் செய்தால் வானம் திட்டுத்திட்டாகச் செம்மஞ்சளாகிறதே என்று முன்பு கேட்டிருந்தேன். அதில் நிறத்தைக் கூட்டிக் குறைக்கும் வைப்ரன்ஸைப் பாருங்கள் என்ற அண்ணாவுக்கு நன்றி. சாச்சுரேஷன் (நிறச்செறிவு) எல்லா நிறத்தையும் சேர்த்து ஏற்றும். வைப்ரன்ஸ் மங்கலான நிறங்களையே அதிகம் தூக்கும், தோல் நிறத்தை அவ்வளவாகத் தொடாது. இறால் வடைக்காரரின் முகம் இப்போது மனித நிறத்தில் இருக்கிறது!

திட்டுக்குக் காரணம் வேறு. ஜேபெக்கில் (சுருக்கிச் சேமித்த படக்கோப்பு) ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான்; 14 பிட் ராவில் (கேமரா பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) 16,384. வானத்தின் மெல்லிய நிறமாற்றத்தை ஜேபெக்கில் இழுத்தால் படிகள் பிரிந்து தெரியும். ஆகவே இனி ராவ்தான், மெமரி கார்ட் நிறைந்தாலும் பரவாயில்லை.

அப்புறம் கிளாரிட்டி, அதாவது விளிம்புகளை எடுப்பாகக் காட்டும் அமைப்பு. தாமரைக் கோபுரத்தின் விளிம்பில் வெளிர்க்கோடு தெரிந்தது. கிளாரிட்டியைக் குறைத்ததும் போய்விட்டது. இரவுப் படங்களில் புள்ளி புள்ளியாகத் தெரியும் நாய்ஸுக்கு என்ன செய்கிறீர்கள்?