ரியர் விண்டோ மூலக்கதை படிச்சவங்க யாராச்சும் இருக்கீங்களா? (ஸ்பாய்லர் உண்டு)

நடுநிசி_நாயகன்:
கால் உடைஞ்சு வீட்லயே கிடக்கற ஒருத்தன் ஜன்னல் வழியா பாத்துகிட்டே, எதிர்வீட்டுக்காரன் பொண்டாட்டிய கொன்னுட்டான்னு சந்தேகப்படுவானே, அந்த ஹிட்ச்காக் படம் மூணு தடவ பாத்தாச்சு, இப்பதான் கதை கைல கிடைச்சுது, கார்னெல் வூல்ரிச் 1942ல எழுதுன "இட் ஹேட் டு பி மர்டர்". படிச்சா கிரேஸ் கெல்லி கேரக்டரே இல்ல! கூட சாம்னு ஒரு வேலைக்காரர் மட்டும்தான். அதவிட பெரிய ஷாக், ஹீரோ கால்ல மாவுக்கட்டு இருக்கறதே கடைசிலதான் தெரியுது, டாக்டர் வந்து பிரிச்சிடலாம்னு சொல்லும்போது. இவ்ளோ செம ட்விஸ்ட்ட ஹிட்ச்காக் ஏன் முதல் சீன்லயே போட்டு உடைச்சாரு? எனக்கு கதைதான் பெட்டர், அடிக்க வராதீங்க.

பழைய_ரீல்:
அது எழுத்துல மட்டும்தான் நிக்கும் ப்ரோ. கதைய அவனே "நான்"னு சொல்றான், அவன் கால நாம பாக்கறதே இல்ல. கேமராவ வச்சா அவ்ளோ பெரிய கட்ட எங்க ஒளிக்கறது, படம் பூரா போர்வைய போத்தி விட்டா? முதல்லயே காட்டிட்டதாலதான் கடைசில கொலைகாரன் காலடி சத்தம் வாசல்ல கேக்கும்போது இவனால எந்திரிச்சு ஓட முடியாதேன்னு நமக்கு வயித்த கலக்குது. ஆரம்பத்துல கட்டு, உடைஞ்ச கேமரா, ரேஸ் கார் ஆக்சிடென்ட் போட்டோன்னு வரிசையா காட்டியே இவன் யாரு, கால் எப்படி போச்சுன்னு சொல்லிருவாரு, யாரும் வந்து விளக்க மாட்டாங்க.

குட்டி_ஸ்க்ரிப்ட்:
கிரேஸ் கெல்லிய சும்மா ஹீரோயின் வேணும்னு சேக்கல. சாம் பாத்த வேலைய அவங்ககிட்ட குடுத்திருக்காங்க. "அவள என்ன பண்ணுன"ங்கற மொட்டைக் கடுதாசிய கொண்டு போறது கதைல சாம், படத்துல லிசா, அதான் கிரேஸ் கெல்லி. அவ கொலைகாரன் வீட்டுக்குள்ள மாட்டிகிட்டு, செத்தவளோட மோதிரத்த விரல்ல போட்டு முதுகுக்குப் பின்னாடி காட்டுவா பாருங்க, கொலைகாரன் அத கவனிச்சிட்டு அப்படியே நிமிந்து நேரா நம்மளையே பாப்பான். அய்யோ. சாம் மாட்டியிருந்தா இந்த பதட்டம் வருமா?

நடுநிசி_நாயகன்:
சரி சரி. ஆனா கதைல மேல்மாடில ரிப்பேர் நடக்கற வீட்டோட சிமெண்ட் தரைக்குள்ள பிணம், அத ஹீரோ ஜன்னல்லேந்து தரை உயரத்த வச்சே கண்டுபிடிக்கறான், அதுக்கு படத்துல பூச்செடிக்கு அடில எதையோ புதைச்சிருக்கான்னு வர்ற மேட்டர் கிட்ட கூட வராது.

பழைய_ரீல்:
அத ஒத்துக்கறேன். இன்னொண்ணு, வூல்ரிச் 1968லயே போயிட்டாரு, ஆனா இந்த கதையோட காப்பிரைட் கேஸ் 1990ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி, படக்காரங்க தோத்தாங்க. அப்புறம் கிளைமாக்ஸ கவனிச்சீங்களா, கதைல இருந்த கட்டு பிரியுது, படத்துல ரெண்டாவது காலுக்கும் சேத்து விழுது.

நடுநிசி_நாயகன்:
அட ஆமால்ல 😂 இன்னைக்கு நைட்டு நாலாவது தடவ.