ஃபிக்ஷன் பேப்பரோடு ஊருக்குப் போய் வந்தவர்கள், விசா நீட்டிப்பில் மாட்டியவர்கள் (ஜெர்மனி)

நெக்கர்கரை:
ரெசிடன்ஸ் கார்டு முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டு, பதிலே வராமல், மெயில் மேல் மெயில் அனுப்பி, கடைசியில் ஃபிக்ஷன் பேப்பர் (முடிவு வரும் வரை தரும் இடைக்காலச் சான்று) கைக்கு வந்த கதையெல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரியும், விடுங்கள். அப்பாவுக்கு ஆபரேஷன், பேப்பரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். போகும்போது ஃபிராங்க்ஃபர்ட்டில் போலீஸ்காரர் பிரித்துப் பார்த்தார், மடித்துக் கொடுத்தார், அவ்வளவுதான். திரும்பும்போது சென்னையில் செக்-இன் கவுண்டரில்தான் வினை.

அந்தப் பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், கார்டைப் பார்த்தார். "சார், இது முடிஞ்சுபோச்சே" என்றார். பேப்பரை நீட்டினேன். முன்னும் பின்னும் திருப்பினார், எந்தப் பக்கத்தில் தேதி இருக்கிறது என்று தேடினார், நான் விரலை வைத்துக் காட்டினேன், அதையும் நம்பவில்லை. போனில் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினார். பின்னால் வரிசையில் ஒருவர் சத்தமாகவே "விசா இல்லாம வந்துட்டாரு போல" என்றார். அதற்குள் என் பெட்டிக்கு டேக் போட்டாயிற்று, பெல்ட்டில் பாதி தூரம் போயிருந்தது. அந்தப் பெண் எட்டிப் பெட்டியை இழுத்து, டேக்கைச் சர்ரென்று கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். "கொஞ்சம் ஓரமா நில்லுங்க சார்."

அப்புறம் மேலதிகாரி வந்தார், எங்கெங்கோ பேசினார், புது டேக் போட்டார்கள், ஏறினேன். ஜெர்மனியில் இறங்கியபோது யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆனால் அந்தச் சர்ரென்ற சத்தம் மட்டும் போகவே மாட்டேன் என்கிறது.

பாராகிராஃப்81:
ப்ரோ, எந்தக் கட்டத்தில் டிக் இருந்தது என்று சொல்லாமல் கதை சொன்னால் படிக்கிறவர்கள் பயந்துவிடுவார்கள். அந்தப் பேப்பரில் முக்கியமே அதுதான். குடியிருப்புச் சட்டத்தின் பிரிவு 81, உட்பிரிவு 4 என்றால் பழைய பெர்மிட்டே முடிவு வரும் வரை அப்படியே தொடர்கிறது என்று அர்த்தம். ஊருக்குப் போகலாம், திரும்பி வரலாம், பழைய கார்டையும் பாஸ்போர்ட்டையும் கூடவே வைத்திருக்க வேண்டும். உட்பிரிவு 3 என்றால் ஜெர்மனிக்குள் இருக்கலாம், ஆனால் வெளியே போனால் அதைக் காட்டித் திரும்பி வர முடியாது. நம் ஆட்கள் பலர் இரண்டும் ஒன்று என்று நினைத்து டிக்கெட் போடுகிறார்கள்.

இன்னும் சில விஷயம். விண்ணப்பம் கார்டு முடியும் தேதிக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஒருநாள் தாண்டினாலும் அந்தத் தொடர்ச்சி தானாக வராது, அதிகாரி மனம் வைத்து உத்தரவு போட்டால்தான் உண்டு. அனுப்பியதற்கான உறுதி மெயிலை பிடிஎஃப் ஆக எடுத்து வையுங்கள். பேப்பருக்கு 13 யூரோ, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நீட்டிப்புக்கு 93 யூரோ. 2025 மே முதல் அச்சடித்த போட்டோவை வாங்குவதில்லை, டிஜிட்டல்தான். விமானம் முடிந்தவரை நேரே ஜெர்மனிக்கு எடுங்கள், நடுவில் இன்னொரு ஷெங்கன் (பொது விசா எல்லைக்குள் இருக்கும்) நாட்டில் இறங்கினால் அங்கே இருப்பவருக்கும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கும். வேலை செய்யலாம் என்ற வரி பேப்பரில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

என் அனுபவம்? நான் போகவே இல்லை. கார்டு வரட்டும் என்று தங்கச்சி கல்யாணத்தை வீடியோவில் பார்த்தேன்.

ஓடுபாதை:
நான் முன்பு ஒரு விமான நிலையத்தில் கவுண்டரில் வேலை பார்த்தவன், அதனால் அந்தப் பெண்ணுக்காக ஒரு வார்த்தை. நுழைய அனுமதி இல்லாத ஆளை ஏற்றிக்கொண்டு போனால், திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு விமானக் கம்பெனி தலையில்தான் விழும். டிமாட்டிக் என்று ஒரு சிஸ்டம் இருக்கிறது, நாட்டைப் போட்டால் என்னென்ன ஆவணம் வேண்டும் என்று காட்டும். ஆனால் கையில் இருக்கும் காகிதம் அந்த ஆவணம்தானா என்பதை அது சொல்லாது. அதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும், பின்னால் இருநூறு பேர் நிற்கும்போது.

என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர், இரக்கப்பட்டு ஒரு பெரியவரை அனுப்பிவைத்தார். அவர் அடுத்த விமானத்திலேயே திரும்பி வந்தார். அதே வேட்டி, அதே மஞ்சப்பை, நேராகக் கவுண்டருக்கு வந்து என் நண்பரைப் பார்த்து "நீங்கதானே தம்பி போகலாம்னு சொன்னீங்க" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதைப் பார்த்த பிறகு நானும் யாருக்கும் சட்டென்று தலையாட்டியதில்லை. டேக்கைக் கிழித்ததை மட்டும் நானும் ஆதரிக்க மாட்டேன், கழற்றி ஓரமாக வைத்திருக்கலாம்.

குட்டிம்மா_அம்மா:
எங்களுக்குப் பிரச்சினை பேப்பரில் இல்லை, பாஸ்போர்ட்டில். கணவருக்கு ப்ளூ கார்டு (படித்து வேலைக்கு வருபவர்களுக்கான பெர்மிட்) நான்கு வருஷம் கிடைத்தது, எனக்கும் அதே அளவு வரும் என்று நினைத்தோம். என் பாஸ்போர்ட் முடியும் தேதியோடு என் கார்டும் முடிகிறது, அதற்கு மேல் தர முடியாது என்றார் வெளிநாட்டவர் அலுவலகத்தில் இருந்த அம்மா, பென்சிலால் தேதியைத் தட்டித் தட்டி. முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டு வாருங்கள் என்று மெயிலில் ஒரு வரி எழுதியிருந்தால் இன்னொரு டெர்மினுக்கு (அப்பாயின்ட்மென்ட்டுக்கு) அலைய வேண்டாம் இல்லையா?

ஆனால் எனக்கு மறக்காதது வேறு. ஆறு வயசிலிருந்து பிள்ளைகளுக்கும் கைரேகை உண்டு. என் மகளுக்கு அப்போதுதான் ஆறு முடிந்திருந்தது, ஜனவரிக் குளிரில் விரலெல்லாம் வெடித்து உலர்ந்து கிடந்தது, மெஷின் எடுக்கவே இல்லை. மறுபடி மறுபடி சிவப்பு. இவள் அழ ஆரம்பித்தாள், என்னால்தான் விசா கிடைக்கவில்லையா என்று தமிழில் கேட்கிறாள். அதுவரை முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் இருந்த அந்த அம்மா எழுந்து வந்து, தன் கைப்பையிலிருந்து கிரீம் எடுத்து, ஒவ்வொரு விரலாகத் தேய்த்துவிட்டு, ஊதிவிட்டு, "யெட்ஸ்ட்" (இப்போ) என்றார். பச்சை வந்தது. உடனே நாற்காலிக்குப் போய்ப் பழைய முகத்தோடு கட்டணச் சீட்டை நீட்டினார். இவரைத் திட்டுவதா கும்பிடுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கேட்பாஸ்:
@பாராகிராஃப்81 எல்லாம் சரிதான் நண்பா, சட்டப்படி விண்ணப்பம் போட்டாலே உரிமை தொடர்கிறது. அதை எங்கள் ஆபீஸ் வாசல் மெஷினுக்குச் சொல்லுங்கள். கம்பெனிக்கு நம் பெர்மிட்டைச் சரிபார்த்து நகல் வைத்திருக்கும் கடமை உண்டு, அதனால் எச்ஆர் சிஸ்டத்தில் தேதி போட்டு வைத்திருக்கிறார்கள். கார்டு முடிந்த மறுநாள் காலை பேட்ஜை வைக்கிறேன், சிவப்பு. பின்னால் என் டீம் மொத்தமும் காபி கோப்பையோடு நிற்கிறது. திரும்ப வைக்கிறேன், சிவப்பு. "என்ன, வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?" என்று ஒருவன் சிரித்தான், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஃபிக்ஷன் பேப்பர் வரும் வரை சம்பளமில்லா லீவு. உறுதி மெயிலைக் காட்டினேன், பிரிவு 81ஐப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன், "புரிகிறது, ஆனால் எங்களுக்குப் பேப்பர் வேண்டும்" என்றார்கள். வாடகை வாங்கும் வீட்டு ஓனர் புரிகிறது என்று சொல்லவில்லை.

பழைய பெர்லின்காரன்:
தம்பிமாரே, நீங்கள் எழுதுவதை வாசிக்கச் சிரிப்பும் வருகுது. நாங்கள் ஜேர்மனிக்கு வந்தது எண்பதுகளில். கிழக்கு பெர்லினில் இறங்கி, ரயிலெடுத்து மேற்குக்கு வந்து, அகதி விண்ணப்பம் போட்டு, கடைசியில் கையில் கிடைத்தது டுல்டுங். அது விசாவே இல்லை, "இப்போதைக்கு அனுப்பமாட்டோம்" என்று ஒரு காகிதம். சில மாதத்துக்கு ஒருக்கா முத்திரை குத்துவிக்க வேண்டும். இருட்டோடு போய் வரிசையில் நிற்பது, கால் விறைக்கும், நம்பர் துண்டு முடிந்துவிட்டால் அடுத்த நாள். ஊரில் அப்பா செத்தாலும் போகேலாது, போனால் திரும்பி வரேலாது.

ஒருநாள் அந்த மனுசன் முத்திரையைக் கையில் எடுத்துவிட்டார், மையில் தோய்த்தும் விட்டார். பக்கத்து மேசைக்காரி ஏதோ கேட்டாள். முத்திரையை வைத்துவிட்டு அவளோடு கதைத்தார், கோப்பி குடித்தார், ஜன்னலைத் திறந்தார். என் காகிதம் மேசையில் கிடக்குது. மை காய்ந்துபோச்சு. திரும்ப வந்து "எங்கே விட்டோம்?" என்று கேட்டார். குத்தித்தான் தந்தார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோப்பி நேரம் முழுக்க நான் மூச்சுவிட்ட ஞாபகம் இல்லை. உங்களுக்குக் கணினியில் விண்ணப்பம், சட்டத்தில் உரிமை, நல்ல சம்பளம். ஒரு டேக்கைக் கிழித்ததுக்கு இவ்வளவு கவலையா தம்பி?

நெக்கர்கரை:
ஐயா, நீங்கள் பட்டதற்கு முன்னால் என்னுடையது ஒன்றுமே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மை காய்ந்ததை நீங்களும் இத்தனை வருஷம் வைத்திருக்கிறீர்கள் அல்லவா?

பழைய பெர்லின்காரன்:
அது சரிதான் தம்பி. அப்பா எப்படி இருக்கிறார்?

மாஸ்டர்ஸ்_மூணாவது_செம்:
அண்ணா, அக்கா, ஒரு சந்தேகம். நான் ஸ்டூடண்ட். நீட்டிப்புக்கு வருஷத்துக்கு 11,904 யூரோ மறுபடியும் பிளாக்டு அக்கவுண்டில் (மாசம் கொஞ்சம் மட்டும் எடுக்க முடிகிற கணக்கில்) காட்டச் சொல்கிறார்கள், பார்ட் டைம் சம்பளச் சீட்டு கொடுத்தால் ஆகாதா? போன முறை கவுண்டரில் இருந்தவர் ஆகும் என்றார், இந்த முறை இருப்பவர் சீட்டைப் பார்க்காமலேயே ஓரமாகத் தள்ளினார். நாலு மாசமாகப் பதிலும் இல்லை.

பாராகிராஃப்81:
சம்பளச் சீட்டும் வருமானத்துக்கு ஆதாரம்தான், வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் கேள், வேலை ஒப்பந்தத்தையும் சேர்த்து அனுப்பு. எல்லாக் காகிதமும் கொடுத்து, தகுந்த காரணம் இல்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் முடிவு சொல்லாமல் வைத்திருந்தால் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம், பேர் உன்டேடிக்கைட்ஸ்கிளாகே. வழக்குப் போடப்போகிறேன் என்று வக்கீல் ஒரு கடிதம் அனுப்பினாலே சில இடங்களில் ஃபைல் நகரும். அதற்கு முன்னால் உன் யுனிவர்சிட்டி இன்டர்நேஷனல் ஆபீஸில் போய்க் கேள், சில ஊர்களில் அவர்களுக்குத் தனியாக ஒரு தொடர்பு இருக்கும். கார்டு எப்போது முடிகிறது, தேதியைச் சொல்.

மாஸ்டர்ஸ்_மூணாவது_செம்:
போன வாரம் முடிந்துவிட்டது அண்ணா. ஃபிக்ஷன் பேப்பர் எப்படிக் கேட்பது?