கோல் பயிற்சியாளரை மாற்றலாமா?

லவ்டேல்காரன்:
எங்கள் ஊட்டிக் கல்லூரி ஃபுட்பால் அணிக்குத் தாக்குதல் ஆட்டம் சொல்லித்தரும் உதவிக் கோச்சை மாற்றப் போவதாகப் பேச்சு. ஐந்து மேட்சில் இரண்டே கோல், அதிலும் ஒன்று பெனால்டி. பின்னாலிருந்து தூக்கி அடி, முன்னால் ஓடு, வேறு பாடமே கிடையாது. போன மேட்சில் மூடுபனி இறங்கியதும் பந்து எங்கே விழுந்தது என்று ஸ்ட்ரைக்கருக்கே தெரியவில்லை! மாற்றலாம் என்கிறேன். நீங்கள்?

குன்னூர் அண்ணன்:
அவசரப்படாதே தம்பி. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி குறைவு, அதனால் தூக்கி அடித்த பந்து கூடுதல் தூரம் போகும், வளைவதும் குறையும். கீழே கோயம்புத்தூரில் பழகிய கணக்கு இங்கே தப்பும். 2007இல் 2,500 மீட்டருக்கு மேல் சர்வதேச ஆட்டமே கூடாது என்று ஃபிஃபா தடை போட்டது, அடுத்த வருடம் அதை நிறுத்தி வைத்தது தனிக் கதை. கோச்சுக்கு ஒரு சீசன் கொடுங்கள்.

கூடலூர் பையன்:
நடுவில் பந்தை வாங்கிக் கொடுக்க ஆள் இல்லை. யார் வந்தாலும் இதே கதிதான்.

லவ்டேல்காரன்:
காற்று சரி அண்ணா. ஆனால் அவர் மலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறதே!