பெரிய வீட்டு சாந்தி வேலை (குழு)

முத்து, காலை 7:12
[படம்] அப்பச்சி சாந்திக் கல்யாணத்துக்கு ஊறுகா போட ஜாடி தேடி ஆல்வீட்டு சாமான் ரூமத் தொறந்தேன். 5தான் இருக்கு. வெள்ள ஜாடி முழுக்க மயிரிழை மயிரிழையா கீறல். பர்மா ஜாடி மட்டும் பளபளன்னு இருக்கு. எதுல போட?

உமையாள் ஆச்சி 7:15
5ஆ?
ஆத்தா இருக்கையில 12

லெட்சு (சிங்கப்பூர்) 7:16
ம்ம்

வள்ளி 7:20
↪ பலமுறை பகிரப்பட்டது: கீறல் விழுந்த பீங்கான் விஷம்!! உடனே தூக்கி எறியுங்கள். 10 பேருக்கு அனுப்பவும் 🙏🙏

சொக்கு பெரியப்பா 7:41
வள்ளி, அந்தக் குப்பையை இங்க போடாதே. விருத்தாசலம் பீங்கான் பட்டறையில 30 வருஷம் கிளேஸ் கலக்குனவன் சொல்றேன். கிளேஸ்ங்கிறது ஜாடி மேல பூசிச் சுடுற பளபளப்புப் பூச்சு, அது கண்ணாடிதான். வெறும் மணலை உருக்க 1700 டிகிரி வேணும், அந்தச் சூட்டுக்கு ஜாடியே நிக்காது. அதுக்குத்தான் பெல்ஸ்பார் கல்லை அரைச்சுச் சேக்குறது. அதுல இருக்குற பொட்டாசியமும் சோடியமும் 1200 சுமாருக்கே இளக வச்சிரும். அலுமினாவும் (அலுமினிய ஆக்சைடு) அதுலயே இருக்கு, அதனால வழிஞ்சு ஓடாமப் பிடிச்சு நிக்கும்.

வள்ளி 7:43
👍

அழகு 7:44
சமையக்காரரு எத்தன இலைன்னு கேக்குறாரு

சொக்கு பெரியப்பா 7:52
இரு, முடிக்கல. கரூர்ப் பக்கத்துலேர்ந்து லாரி லாரியா அந்தக் கல்லு வரும். பாக்க வெங்கச்சங்கல்லு மாதிரி, ஆனா உடைச்சா வழுவழுன்னு பாளமாப் பிளக்கும். வெள்ளக் களிமண்ணும் இந்தக் கல்லு மக்கிப் போனதுதான். ஆக உள்ள இருக்குற மண்ணும் மேல இருக்குற கிளேஸும் பங்காளிக. ஆனா சூளை ஆறும்போது ரெண்டும் ஒண்ணாச் சுருங்காது. பொட்டாசியம் சோடியம் கூடிப்போச்சுன்னா கிளேஸ் அதிகமாச் சுருங்கிக் கீறிக்கும்.

லெட்சு (சிங்கப்பூர்) 7:55
யாரைச் சொல்றிய அண்ணே

சொக்கு பெரியப்பா 7:55
ஜாடியை

உமையாள் ஆச்சி 7:57
சாந்திக்குத் தைச்ச என் ரவிக்கையும் அப்படித்தான் இழுத்துக்கிட்டு நிக்குது 😂

முத்து 7:58
பெரியப்பா, வெள்ளையில போடலாமா கூடாதா

சொக்கு பெரியப்பா 8:06
கீறல் விஷமில்ல. ஆனா எண்ணெய் உள்ள இறங்கும், வாடை போகாது, கழுவ முடியாது. அதனால வேணாம். பழுப்பு ஜாடி கல்லு மாதிரி வெந்தது, தட்டுனா கணீர்ங்கும், அதுல போடு. எனக்குப் பயமெல்லாம் அந்தப் பர்மா ஜாடிதான்.

லெட்சு (சிங்கப்பூர்) 8:07
என்னது
ஐயா பர்மா மோல்மீன்லேர்ந்து கப்பல்ல கொண்டாந்தது அது

சொக்கு பெரியப்பா 8:12
அதாம்ப்பா. மார்த்தபான் ஜாடின்னு துறைமுகத்துப் பேரையே வச்சுட்டாங்க, மோல்மீனுக்கு ஆத்துக்கு அந்தாண்ட. பழைய காலத்துல கிளேஸ் சுலபமா உருக ஈயம் சேக்குறதுண்டு, நல்லா மின்னும். மாங்காப் புளிப்பு பட்டா ஈயம் கரைஞ்சு வந்துரும். இதுல இருக்கா இல்லையான்னு கண்ணால பாத்துச் சொல்ல முடியாது. லேப்ல குடுத்துப் பாக்காம ஊறுகா வேணாம்.

லெட்சு (சிங்கப்பூர்) 8:13
ஆத்தா காலமெல்லாம் அதுலதான் போட்டா. யாரு செத்தா

உமையாள் ஆச்சி 8:15
பொய்
அதுல புழுங்கரிசிதான் இருக்கும். ஊறுகா பழுப்புல

லெட்சு (சிங்கப்பூர்) 8:15
ஆவக்கா அதுலதான்

உமையாள் ஆச்சி 8:16
நீ ஹாஸ்டல்ல இருந்தே

வள்ளி 8:18
அப்ப தரையில பதிச்ச ஆத்தங்குடிக் கல்லுலயும் ஈயமா?? முகப்புல பாப்பா தவழுறா

சொக்கு பெரியப்பா 8:24
அது சூளையே பாக்காத கல்லும்மா. கண்ணாடி மேல கலர் சிமெண்ட ஊத்தி, காய்ஞ்சதும் தண்ணியில ஊறப்போடுறது. கண்ணாடியில ஒட்டியிருந்த பக்கம் அப்படியே வழவழன்னு வரும். கிளேஸே கிடையாது. பட்டாலை சுவத்துல இருக்கே ஜப்பான் டைல்ஸ், அதுதான் கிளேஸ். பெல்ஸ்பார் அதுல என்ன பண்ணும்னா

அழகு 8:25
அண்ணே, இலை எத்தனைன்னு சொல்லுங்க

உமையாள் ஆச்சி 8:27
350 சொல்லு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடையில போன மாசம் அச்சு அசலா நம்ம பழுப்பு ஜாடி மாதிரியே ஒண்ணு பாத்தேன். வாய்ல சின்ன உடைசல். நம்ம ஜாடியிலயும் இருந்துச்சு

இந்தச் செய்தி நீக்கப்பட்டது

உமையாள் ஆச்சி 8:29
என்னப்பா அழிச்சே லெட்சு

லெட்சு (சிங்கப்பூர்) 8:31
ஒண்ணுமில்ல. ஆபீஸ்ல இருக்கேன்

அழகு 8:33
ஊறுகா விலைக்கே வாங்கிக்குவோமா

உமையாள் ஆச்சி 8:33
நம்ம வீட்டு சாந்திக்கு விலைக்கு ஊறுகாவா. பழுப்புல போடு முத்து, 2 ஜாடி போதும்

சொக்கு பெரியப்பா 8:35
தட்டிப் பாத்துட்டுப் போடு. சத்தத்தை வாய்ஸ்ல அனுப்பு

முத்து 8:40
[குரல் செய்தி 0:04]

சொக்கு பெரியப்பா 8:42
இது கதவு சத்தமில்ல?

லெட்சு (சிங்கப்பூர்) 8:44
முத்து, ஒண்ணு கேக்குறேன்
ஆல்வீட்டுக்கு 3 பங்குக்கு 3 பூட்டு. என் சாவி சிங்கப்பூர்ல இருக்கு. எப்படித் தொறந்தே

அழகு 8:45
முத்து குளிக்கப் போயிருக்கான்