கண்மாய் நிறைந்த ராத்திரி: உங்கள் ஊரில் என்ன நடந்தது?

செல்லூர்த் தறிக்காரன்:

ஐப்பசி நெருங்குகிறது. எங்கள் தெருவில் இப்போதே ஆளாளுக்கு வாசற்படியை உயர்த்திக் கட்டுகிறார்கள். அதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. மழை வெள்ளம் வந்தபோது உங்கள் பக்கம் என்ன செய்தீர்கள் என்று அவரவர் எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

2024 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை. தீபாவளிக்கு ஆறு நாள் இருந்தது. செல்லூர், நரிமேடு, ஆலங்குளம், முல்லை நகர் என்று வடக்கு மதுரை முழுக்கத் தண்ணீர் நின்ற நாள். மதியத்துக்கு மேல் பிடித்த மழை, வானத்தைப் பிளந்து கொட்டியது மாதிரி. நான் வாசலில் மணல் மூட்டையை அடுக்கிவிட்டுப் பெருமையாக நின்றுகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து வீட்டுக்காரி கத்தினாள். குளியலறைச் சாக்கடைத் துளை வழியாகத் தண்ணீர் குபுகுபுவென்று மேலே வந்துகொண்டிருந்தது. தெருவைவிட வீட்டுக்குள்தான் முதலில் நிறைந்தது!

எதிர்வீட்டு அக்கா ஓடி வந்து, பால் பாக்கெட் வாங்கும் பையில் மண்ணை நிரப்பி, பழைய சேலையில் சுற்றி, துளையில் அமுக்கி, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தார். நின்றது. முழுதாக நிற்கவில்லை, கசிந்தது; ஆனால் நூல் கட்டுகளைப் பரணில் ஏற்ற எங்களுக்கு அரைமணி நேரம் கிடைத்தது. பாவு நூல் நனைந்தால் போச்சு, காய்ந்தாலும் இழை நிற்காது. பக்கத்துத் தெருவில் இரண்டு வீட்டில் தீபாவளிச் சரக்கு அப்படியே போனது.

நடக்க முடியாத பெரியவர்களை இட்லிக்கடைத் தள்ளுவண்டியில்தான் மேட்டுத் தெருவுக்குக் கொண்டுபோனோம். யார் யார் வீட்டில் படுத்த படுக்கையாக ஆள் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் ஒருத்தருக்கொருத்தர் கேட்டுத் தெரிந்துகொண்டோம் என்பதுதான் இதில் வெட்கம். இப்போது பட்டியல் எழுதி மளிகைக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். தண்ணீர் ஏறிய உயரத்துக்குச் சிவப்புக் கோடும் போட்டாயிற்று. கோட்டுக்குக் கீழே பிளக் பாயின்ட் வைக்கக் கூடாது என்பது தெருச் சட்டம்.

மேலூர்ப் பக்கம்:

தம்பி, உங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்ததைப் படித்தேன். எங்களுக்குப் பயம் வேறு மாதிரி. தண்ணீர் வருவது எங்களுக்குச் சந்தோஷம்தான். கரை தாங்குமா என்பதுதான் கவலை.

நான் பையனாக இருந்தபோது ஒரு கார்த்திகை மாதம், மூன்று நாள் விடாத மழை. கண்மாய் ததும்பி, மிச்சத் தண்ணீர் மறுகாலாக வெளியே போய்க்கொண்டிருந்தது. ராத்திரி பதினோரு மணிக்குக் கோயில் மைக்கில், மடை திறந்து கண்மாய்த் தண்ணீரைப் பார்த்துக்கொள்கிற நீர்பாய்ச்சியின் குரல்: "வீட்டுக்கு ஓர் ஆள் மம்பட்டியோட கரைக்கு வாங்க." அவ்வளவுதான், காரணம் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

நீர்பாய்ச்சி கரைமேல் நடக்கவே இல்லை. கரையின் வெளிச்சரிவில், வயல் பக்கமாகக் கீழே, வெறுங்காலோடு நடந்தார். கால் எங்கே சில்லென்று புதைகிறதோ அங்கே டார்ச்சை அடித்துக் குனிவார். கசிவதைக் கையில் ஏந்திப் பார்ப்பார். தெளிவாக இருந்தால் "இது ஒண்ணும் செய்யாது" என்று தாண்டிப் போய்விடுவார். ஓர் இடத்தில் கலங்கலாக வந்தது. "மண்ணு போகுது" என்றார். எலி வளையோ நண்டு வளையோ, உள்ளே ஓட்டை விழுந்திருந்தது.

எல்லாரும் அதை வெளியிலிருந்து அடைக்கத்தான் பாய்ந்தோம். திட்டினார். வெளியே அடைத்தால் தண்ணீர் பக்கத்தில் வேறு வழி தேடும், கரையே உப்பிப் போகும் என்றார். கசியும் இடத்தைச் சுற்றிக் கிணற்று உறை மாதிரி மூட்டையை அடுக்கி, அதற்குள் தண்ணீரைக் கொஞ்சம் ஏற நிற்கவிட்டார். அப்புறம் உள்பக்கம் போய் நீர்மேல் உமியைத் தூவச் சொன்னார். உமி ஓர் இடத்தில் சுழித்து உள்ளே இறங்கியது. அங்கேதான் வாய். வைக்கோல் பிரியும் களிமண்ணும் வைத்து இரண்டு பேர் முங்கி முங்கி அமுக்கினார்கள். விடியும்போது வெளியே வந்த தண்ணீர் தெளிந்துவிட்டது.

அதற்குள் இன்னொரு கூட்டம், மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கல் கட்டான கலுங்குக்கு ஓடியிருந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே செருகியிருந்த பலகையைப் பிடுங்குவதற்கு. தண்ணீர் கூட நிற்கட்டும் என்று யாரோ மூட்டை வேறு வைத்திருந்தார்கள். மீன் குத்தகைக்காரர் கட்டிய வலையில் பாசியும் சருகும் அடைத்துக்கொண்டு கிடந்தது. வலையை அறுத்தே எறிந்தார்கள். அந்தச் சண்டை பொங்கல் வரைக்கும் ஓடியது, அது தனிக் கதை.

பலகையைப் பிடுங்குமுன் சைக்கிளில் ஒரு பையனைக் கீழ்க்கண்மாய் ஊருக்கு அனுப்பினார்கள். இங்கே விடுகிற தண்ணீர் அங்கேதானே போய் விழும்? சங்கிலியில் ஒரு கண்மாய் உடைந்தால் அடுத்ததும் உடையும். இரண்டு ஊருக்கும் அப்போது கோயில் தகராறு, பேச்சுவார்த்தையே கிடையாது. ஆனாலும் பையன் போனான், அவர்களும் எழுந்து கரைக்குப் போனார்கள்.

சோழவந்தான் விவசாயி:

ஆற்றங்கரைக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வைகை அணை மொத்தம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. இதை நம்பி "அணை இன்னும் நிறையலையே" என்று மோட்டாரை ஆற்றோரத்திலேயே விட்டு நான் தொலைத்தேன். மஞ்சளாறு, மருதாநதித் தண்ணீர் அணைக்குக் கீழே வந்து சேர்கிறது. அணை மூடியே இருந்தாலும் அந்தப் பக்க மலையில் மழை என்றால் ஆறு இங்கே ஏறும். இப்போதெல்லாம் அந்தப் பக்கம் வத்தலக்குண்டில் இருக்கிற மச்சானுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் படுக்கிறேன்.

ஆரப்பாளையம் அக்கா:

யானைக்கல் தரைப்பாலத்தில் ஆற்றுத் தண்ணீர் ஏறும்போது தடுப்பைத் தாண்டிப் போய் செல்ஃபி எடுக்கிறவர்களுக்கு யாராவது புத்தி சொல்லுங்கள்.

மேலூர் அண்ணன் எழுதிய "வீட்டுக்கு ஓர் ஆள்" படித்ததும் எனக்கு எங்கள் புட்டுத்தோப்புதான் ஞாபகம் வந்தது. வைகை கரையை உடைத்தபோது பாண்டியன் போட்ட உத்தரவும் அதுதானே? ஆள் இல்லாத வந்திக் கிழவிக்குச் சொக்கநாதரே கூலிக்கு வந்து, உதிர்ந்த பிட்டைத் தின்றுவிட்டுத் தூங்கி, பிரம்படி பட்டார். ஆவணி மூலத் திருவிழாவில் வருசாவருசம் இதைப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் எனக்குத் தோன்றுவது, அந்தக் கிழவிக்கு மட்டும் கணக்கில் தள்ளுபடி கொடுத்திருக்கலாம் இல்லையா என்றுதான். செல்லூர்த் தம்பி ஒட்டிய பட்டியலில் தனியாக இருக்கிற பாட்டிகள் பெயர் இருக்கிறதா? அதோடு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

செல்லூர்த் தறிக்காரன்:

அக்கா, பாட்டிகள் நாலு பேர் பெயர் இருக்கிறது. எண்ணை இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

மேலூர் அண்ணே, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் தெருவில் கேட்டேன்: செல்லூர் கண்மாய்க்கு நீர்பாய்ச்சி யார்? சிரித்தார்கள். மூன்று தெரு தாண்டி ஒரு பெரியவர் மட்டும், "எங்க சித்தப்பா மடை திறப்பாரு, நான் கூடப் போவேன்" என்றார். எண்பது வயதிருக்கும். கண்மாய்த் தண்ணீர் பந்தல்குடி கால்வாயில் இறங்கி வைகைக்குப் போகிற பாதையில் எந்தெந்த இடம் பள்ளம் என்று விரலால் காற்றில் வரைந்து காட்டினார். அதில் ஓர் இடத்தில்தான் என் வீடு இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கால்வாய் ஓரமாகவே போய்ப் பார்க்கப் போகிறோம். மம்பட்டி இரண்டு இருக்கிறது. கடப்பாரை யாரிடமாவது இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள்.