பெயர் ஒன்றுதான், வைஃபை வேறு

சில மாதங்களுக்கு முன் விமானம் மாறுவதற்காக நான்கு மணி நேரம் காத்திருந்தேன். மொபைல் டேட்டா தீரும் நிலை. வைஃபையைத் திறந்தால் கிட்டத்தட்ட ஒரே பெயரில் இரண்டு தெரிந்தன. சிக்னல் நன்றாக இருந்ததைத் தொட்டேன். உடனே ஒரு பக்கம் வந்தது. விமான நிலையத்தின் லோகோ, நிறம் எல்லாம் அச்சு அசலாக இருந்தன. மின்னஞ்சல் முகவரியும் அதன் பாஸ்வேர்டும் கேட்டது.

முகவரியை அடித்துவிட்டேன். பாஸ்வேர்ட் கட்டத்தைத் தொட்டபோதுதான் உறுத்தியது. வழக்கமாக, பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் பாஸ்வேர்ட் மேனேஜர் தானே வந்து நிரப்பும். இங்கே அசையவே இல்லை. பக்கம் எப்படி இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை, இணைய முகவரி பொருந்துகிறதா என்றுதான் பார்க்கும். மேலே பார்த்தேன். 'பாதுகாப்பற்றது' என்ற எச்சரிக்கை, பக்கத்தில் வெறும் எண்களாக ஒரு முகவரி.

மூடிவிட்டு நேராகத் தகவல் கவுன்டருக்குப் போனேன். "எங்க வைஃபை பாஸ்வேர்டே கேட்காதுங்க" என்றார் அங்கிருந்த பெண். சரியான பெயர் அவர் தலைக்கு மேலே போர்டில் இருந்தது. நான்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆஸ்திரேலியாவிலும் இதே மாதிரி நடந்திருக்கிறது. 2024 ஏப்ரலில் உள்நாட்டு விமானம் ஒன்றில் சந்தேகமான வைஃபை தெரிவதை ஊழியர்கள் கவனித்துப் புகார் செய்தார்கள். பெர்த், மெல்போர்ன், அடிலெய்ட் விமான நிலையங்களில் போலி வைஃபை வைத்து மின்னஞ்சல், சமூக ஊடக லாகின்களைப் பிடித்ததாக ஒருவர் மீது போலீஸ் வழக்குப் போட்டது. வைஃபைக்கு யாரும் எந்தப் பெயரும் வைக்கலாம், அதுதான் சிக்கலே.

விபிஎன் (நம் இணையத் தொடர்பை மற்றவர்கள் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்பும் சேவை) இருந்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். நல்லதுதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் பெரும்பாலும் இந்த லாகின் பக்கத்தைத் தாண்டிய பிறகுதான் அது இணையும். போலிப் பக்கத்தில் நாமே பாஸ்வேர்டை அடித்துக் கொடுத்தால் விபிஎன் என்ன செய்யும்?

இப்போதெல்லாம் வங்கி வேலை என்றால் மொபைல் டேட்டா மட்டுமே. பொது வைஃபையில் தானாக இணைவதை நிறுத்திவிட்டேன், கிளம்பும்போது அந்தப் பெயரைப் போனிலிருந்து நீக்கிவிடுகிறேன்.

யாராவது ஏற்கெனவே அடித்துவிட்டிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காதீர்கள். முதலில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அப்புறம் அந்தக் கணக்கிலிருந்து எல்லாச் சாதனங்களிலும் வெளியேறி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் முறை) போடுங்கள். அதே பாஸ்வேர்டை வேறு எங்காவது வைத்திருந்தால் அங்கேயும் இன்றே மாற்றுங்கள்.